இடப்பக்கச் சன்னல்

முன் சீட்டின் முதுகில் சின்னத் திரை.
கொழும்பு – சென்னை,
அறுநூற்று எண்பது கிலோமீட்டர்,
ஒரு மணி இருபது நிமிஷம்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
எங்கள் போட்டு மணிக்கு எட்டு மைல் போகும்,
வாடை எதிர்த்தால் ஏழு.
இந்தத் தூரத்துக்கு இரண்டு பகல், இரண்டு ராத்திரி,
எண்ணூறு லிட்டர் டீசல்.
கட்டுபடியாகாது.

எங்களில் யாரும் இதற்கு முன்
விமானம் ஏறியவர்கள் இல்லை.
பாஸ்போர்ட் கிடையாது. ஆளுக்கொரு தாள்,
ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் என்று முத்திரை குத்தி.
ரோச்சுக்கு பெல்ட்டைக் கொளுவத் தெரியவில்லை.
படகு கட்டுகிற முடிச்சாகப் போட்டுவிட்டான்.
பணிப்பெண் வந்து சிரித்தாள்,
அவிழ்க்கப் பார்த்தாள்,
பிறகு சிரிக்கவில்லை.

போனது எப்படியென்றால்,
சனிக்கிழமை டோக்கன்.
காலை ஒன்பதுக்கு ராமேஸ்வரம் ஜெட்டியை விட்டோம்.
ராத்திரி பதினொன்றரைக்கு
முகத்தில் வெள்ளை லைட் அடித்தது.
ஒன்பது பாகம் தண்ணீர்,
அடியில் சேறு.
ஒரு மணி நேரத்துக்கு முன்பும்
மடியில் ஏறி வந்தது இதே சேறுதான்.

ஊர்காவற்றுறை கோர்ட்டு. யாழ்ப்பாணம் ஜெயில்.
நாலு மாசம் பதினோரு நாள்
என்று கிறிசாந்து சொல்கிறான்,
பத்து என்கிறான் ரோச்.
இன்னமும் தீரவில்லை அந்தச் சண்டை.

கொழும்புக்கு பஸ்ஸில் கொண்டுபோனார்கள்.
வவுனியாவில் டீ வாங்கித் தந்த போலீஸ்காரருக்குத்
தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது.
‘சீனி?’ என்று கேட்டார்.
அது எந்த பாஷை என்று
பதினோரு பேரும் டீ ஆறும்வரை யோசித்தோம்.

மேலே ஏறிக் கால் மணி இருக்கும்.
காதுக்குள் தண்ணீர் போனதுபோல அடைத்தது.
இடப்பக்கம் எட்டிப் பார்த்தால்
கடலில் மணல்திட்டு,
தள்ளி இன்னொன்று,
இன்னொன்று.
எண்ணிக்கொண்டே போன விரல்
தனுஷ்கோடியின் மூக்கில் நின்றது.

‘ஏலே ரோச்சு, நம்ம ஊருடா.’

தூரத்தில், புகைக்குள் இருப்பதுபோல, பாலம்.
தங்கச்சிமடம் என்று நான் காட்டிய இடம்
தங்கச்சிமடம்தானா, சத்தியமாகத் தெரியாது.
பதினோரு பேரும் ஒரு சன்னலுக்குச் சாய்ந்தோம்.
எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தால் என்னவாகும் என்று
எங்களைவிடத் தெரிந்தவர்
அந்த விமானத்தில் யாரும் இல்லை.
தெரிந்துதான் சாய்ந்தோம்.

‘இங்ஙனயே இறக்கிவிட மாட்டாங்களா’ என்றான் கிறிசாந்து,
பஸ் கண்டக்டரைக் கேட்கிற குரலில்.
பணிப்பெண் உட்காரச் சொன்னாள்.
உட்கார்ந்து நிமிர்வதற்குள்
ஊர் இறக்கைக்குப் பின்னால் போயிருந்தது.

சென்னையில் மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள்,
மீன்துறை வேனில் ஏற்றினார்கள்.
பன்னிரண்டு மணி நேரம்.
மேலே பார்த்த ஊரைத் தேடித்
தரைவழியாகத் தெற்கே வந்தோம்.
விழுப்புரத்தில் பரோட்டா.
அதற்குப்பின் யாரும் பேசவில்லை.

‘அடைக்கல மாதா’ மயிலிட்டியில் கிடக்கிறாள்.
கயிற்றில் கட்டிக் கிடப்பதாக ஒருத்தர்,
பாதி முங்கிவிட்டதாக ஒருத்தர்.
இங்கிருந்து ஐம்பத்தைந்து கடல்மைல்,
ஏழு மணி நேரம், காற்று நல்லபடி இருந்தால்.
அவளுக்குத் தாளும் இல்லை, சீட்டும் இல்லை.
கோர்ட்டுத் தேதி என்கிறார்கள்.
வட்டிக்காரருக்கும் அதே தேதியைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்று செவ்வாய்.
நாளைக்கு டோக்கன்.
சேசுராசா படகில் ஆள் குறைவாம்,
கூலிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்.

‘எவ்வளவு தூரம்?’ என்றாள் பிலோமி.
‘பக்கத்துலதான்.’

அதற்குமேல் கேட்கவில்லை.
ஒரு ராத்திரித் தொழிலுக்குப்
பையில் மூன்று சட்டை வைத்தாள்,
ஒரு போர்வை,
ரோச் வீட்டு நம்பரும் வக்கீல் நம்பரும் எழுதிய
அட்டைத் துண்டு.